நாளைக்கு ஒரு முழம்

மலைமேல் மூங்கில்கானல் என்று ஓர் ஊர், அந்த ஊரில் பிலவேந்திரன் என்று ஒரு வெடிக்காரர், அந்த வெடிக்காரரிடம் முந்நூத்தி எழுபத்தஞ்சு என்று ஒரு துப்பாக்கி. இந்த மூன்றில் எதைப் பற்றிப் பேச்செடுத்தாலும் மற்ற இரண்டும் கூடவே வந்து உட்கார்ந்துகொள்ளும். வேட்டைக்கு அரசாங்கமே உரிமம் எழுதிக் கொடுத்த காலம் அது. காப்பித் தோட்டத்தை விற்றுவிட்டுக் கப்பலேறிய ஒரு துரையிடமிருந்து அந்தத் துப்பாக்கியையும் ஒரு மரப்பெட்டி நிறையத் தோட்டாக்களையும் வாங்கி வந்த நாளிலிருந்து பிலவேந்திரன் தன் பெயரைச் சொன்னதைவிட அந்த எண்ணைச் சொன்னதுதான் அதிகம். குழாயின் வாயகலத்துக்குத்தான் அந்த எண், சுண்டுவிரல் நுனி நுழைகிற அகலம், அதற்குமேல் அதில் ஒன்றும் இல்லை. ஆனால் அவர் வாயில் அது பட்டம் வாங்கின படிப்பு மாதிரி ஒலிக்கும்.

சாயங்காலமானால் வெடிக்காரர்கள் நாலைந்து பேர் ஆரஞ்சு மண்டியில் காலிக் கூடைகளைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து பேசுவார்கள். மற்றவர்களிடம் இருந்ததெல்லாம் பன்றிக்கும் முயலுக்குமான சில்லறைத் துப்பாக்கிகள். அவர்களுக்குப் பொறாமை இருக்கத்தானே செய்யும். யானைக்கு அது சின்னது, கடமானுக்கு அது பெரியது, நடுவில் தொங்குகிற சாமான் என்பார்கள். பிலவேந்திரன் அசரமாட்டார். நடுவில் இருப்பதால்தான் அது எல்லாவற்றுக்கும் ஆகும் என்பார். ஈயமூக்குத் தோட்டா போட்டால் உள்ளே போய் விரிந்து அங்கேயே தங்கிவிடும், உருக்குச் சட்டை போட்ட தோட்டா என்றால் எருமையின் இந்த விலாவில் நுழைந்து அந்த விலாவில் வெளியேறித் தன் பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கும் என்று இரண்டு கைகளாலும் காட்டுவார். கடைசியாக, ஒவ்வொரு நாளும், ஒரே குரலில், இதைச் சொல்லி முடிப்பார்: தன் ரவை சத்தத்துக்கு முந்திப் போய்விடும், அடிபட்ட மிருகம் எதுவும் தன்னை அடித்த சத்தத்தைக் கேட்டதே கிடையாது. மற்றவர்கள் இதை அளப்பு என்று எடுத்துக்கொண்டு சிரித்துவிட்டுக் கலைவார்கள். அவர் அளந்ததில் அது ஒன்றுதான் நிஜம்.

அந்தத் துப்பாக்கி வருஷத்துக்கு மூன்று தடவையோ நாலு தடவையோதான் வெடிக்கும், ஆனால் வெடித்தால் மலை முழுக்கக் கேட்கும், அலமாரியில் டம்ளர்கள் கிணுகிணுக்கும். கேட்டதும் ஊரில் ஒவ்வொருவரும் கைவேலையைப் போட்டுவிட்டுப் பிலவேந்திரன் வெடி வைத்துவிட்டார் என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லிவிட்டு உடனே குனிந்து மசாலா அரைக்க ஆரம்பிப்பார்கள். விழுந்ததில் தலை வெடி வைத்தவருக்கு, ஒரு தொடை தடம் பார்த்தவருக்கு, மிச்சமெல்லாம் ஊருக்கு என்பது வழக்கம். விழுந்தது கடமானா பன்றியா எருமையா என்று சத்தம் சொல்லாது, ஆகவே எதற்கும் இருக்கட்டும் என்று எல்லா வீட்டிலும் மிளகாயும் மல்லியும் அம்மிக்கு வந்துவிடும். வேட்டைக்கறி சாப்பிடாத டீக்கடை ராவுத்தர்கூட, கூட்டம் வரும் என்று பரோட்டாவுக்குக் கூடுதலாக மாவு எடுத்து வைப்பார். ஒரு வெடிச் சத்தத்துக்கு ஓர் ஊரே குனிகிற அழகை வேறெங்கும் பார்க்க முடியாது.

இப்படி இருக்கையில், ஐப்பசி கடைசியில், காப்பித் தோட்டங்களை ஒரு கிழட்டு எருமை துவம்சம் செய்கிறது என்று புகார் வந்தது. எருமை என்றால் வீட்டெருமை இல்லை, ஆளுயரத் தோளும் வெள்ளைக் காலுறை போட்ட மாதிரி நாலு கால்களுமாகக் காட்டில் திரிகிற காட்டெருமை. பிலவேந்திரன் விடிவதற்குள் வெள்ளையன் வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டினார். மூங்கில்கானலில் தடம் பார்ப்பதில் வெள்ளையனை விட்டால் ஆளில்லை. அவன் மனைவி பேச்சிக்கு நிறைமாதம், இன்றைக்கு வேண்டாமே அண்ணே என்று அவன் தயங்கினான். ஒரு மணி நேரத்தில் திரும்பிவிடலாம் என்று சொல்லி இவர் கூட்டிக்கொண்டு போனார்.

ஊருக்கு மேலே மலை வளைந்து தாழ்கிற இடத்தில் ஒரு கணவாய் உண்டு. அங்கே அந்த எருமை பக்கவாட்டில் நின்றுகொண்டிருந்தது, படம் வரைய நிறுத்தி வைத்த மாதிரி. அதற்குப் பின்னால் மூடுபனி வெள்ளையடித்த சுவர்போல நின்றது. வேட்டைக்காரர்களுக்கு நூறு கட்டுப்பாடு உண்டு என்றாலும் முதல் கட்டுப்பாடு ஒன்றுதான், மிருகத்துக்குப் பின்னால் மண் தெரிய வேண்டும். மண் தெரிந்தால் தவறிய ரவையை மண் வாங்கிக்கொள்ளும். வெள்ளையன் மெல்ல அவர் முழங்கையைத் தொட்டான்.

"மண்ணு தெரியலண்ணே."

பிலவேந்திரன் அதைக் கேட்டார். கேட்கவில்லை என்று பிற்பாடு தனக்குத்தானே எவ்வளவோ சொல்லிப் பார்த்தார், ஆனால் கேட்டார். கேட்டுவிட்டு விசையை இழுத்தார்.

சத்தம் வழக்கம்போல மலையெல்லாம் போய் வந்தது, கட்டை வழக்கம்போலத் தோளில் உதைத்தது, கீழே ஊரில் வழக்கம்போல எல்லோரும் குனிந்தார்கள். ரவை மட்டும் குழாயை விட்டு ஒரு சாண் தள்ளி வெளியே வந்து, நெஞ்சுயரத்தில், வலப்பக்கமாகச் சுழன்றபடி, எனக்கென்ன அவசரம் என்பதுபோலக் கண்ணுக்குத் தெரியாத நிதானத்தில் போக ஆரம்பித்தது. எருமை தலையைத் திருப்பி அதைப் பார்த்தது, பிறகு இவர்களைப் பார்த்தது, வாயிலிருந்த புல்லை மென்று முடித்தது, பனிக்குள் இறங்கிப் போயிற்று. இரண்டு பேரும் கொஞ்ச நேரம் ரவையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். குளிருக்கு அதன் பக்கத்தில் கதகதப்பாகக்கூட இருந்தது.

பிலவேந்திரன் ஊருக்குள் வந்து, எருமையைத் தோளில் அடித்ததாகவும் அது பள்ளத்தில் உருண்டுவிட்டதாகவும் அந்தப் பள்ளத்தில் மனிதன் இறங்க முடியாது என்றும் சொன்னார். வெள்ளையன் ஒன்றும் சொல்லாமல் வீட்டுக்கு ஓடினான். அரைத்த மசாலாவெல்லாம் கத்தரிக்காயில் போய்ச் சேர்ந்தது. அன்று மத்தியானம் பேச்சிக்குப் பெண் குழந்தை பிறந்ததால் ஊர் அவரைத் திட்டுவதை நிறுத்திவிட்டுக் குழந்தை பார்க்கப் போனது. ஆனாலும் அந்த நாளை மசாலா வீணாய்ப்போன நாள் என்று ஒருவரும் மறக்கவில்லை.

மூன்றாம் வாரம் விறகுக்குப் போன பெண்கள் ரவையைக் கண்டுபிடித்தார்கள். யாருடையது என்று விசாரிக்க வேண்டிய அவசியமே இல்லை, அந்தக் கனத்தில் ஊரில் இரண்டாவது ரவை கிடையாது. பூக்காரி சிட்டம்மா கையால் அளந்துவிட்டு, நேற்று இங்கே, இன்றைக்கு இங்கே, நாளைக்கு ஒரு முழம் போகிறது என்று அறிவித்தாள். எருமை பள்ளத்தில் விழுந்த கதையை அதற்குப் பிறகு பிலவேந்திரன் எங்கும் சொல்லவில்லை. மண்டியில் அவர் வரும்போதெல்லாம் யாராவது ஒருவர், ரவை எது வரைக்கும் வந்திருக்கிறது, எருமைக்குக் கடிதம் போட்டாயிற்றா என்று கேட்பார், அவரும் சிரித்து வைப்பார்.

நிறுத்திப் பார்க்கத்தான் செய்தார்கள். பலா மரத்துண்டை நட்டார்கள், ரவை இரண்டு நாளில் அதற்குள் புகுந்து அந்தப் பக்கம் வந்தது. கொல்லன் பட்டறைக் கல்லைக் கொண்டுவந்து வைத்தார்கள், அதற்கும் அரை நாள்தான். ஒவ்வொரு தடவையும் அவமானத்துக்கு நடுவிலும் பிலவேந்திரன் முகத்தில் ஒரு பெருமை எட்டிப் பார்த்துவிட்டுப் போவதை ஊர் கவனித்தது. பட்டறைக் கல்லில் சுத்தமாக ஒரு துளை விழுந்தபோது அவர் அடக்கமுடியாமல், உருக்குச் சட்டை என்றால் சும்மாவா என்று சொல்லியேவிட்டார். கீழேயிருந்து ஓர் அதிகாரி வந்து பார்த்தார், அடிபட்டவர் யார் என்று கேட்டார், யாரும் இல்லை என்றார்கள், அப்படியென்றால் வழக்கும் இல்லை என்று சொல்லி டீ குடித்துவிட்டுப் போய்விட்டார்.

தை பிறந்து, மாசி போய், பங்குனியில் ரவை கணவாயைத் தாண்டிய அன்று பனி இல்லை. கணவாயில் நின்று பார்த்தால் கீழே ஊர் தெரிந்தது, ஒவ்வொரு கூரையும் தனித்தனியாகத் தெரிந்தது. கொத்தனாரை வரவழைத்து ரவையின் வாலிலிருந்து நூல் பிடித்தார்கள். நூல் மலைச்சரிவோடு இறங்கி ராவுத்தர் டீக்கடைக்குள் போனது, பள்ளிக்கூடத்து மூன்றாம் வகுப்புக்குள் போனது, தையல்கடைக்குள் போனது, இன்னும் நாலு வீடுகளுக்குள் போனது, ஊர் முடிந்த பிறகு ஒரு காப்பித் தோட்டத்தைத் தாண்டி ஒண்டியாக நிற்கும் வெள்ளையன் வீட்டுச் சுவரில் போய் முட்டியது. அதுவரைக்கும் சிரித்துக்கொண்டிருந்த ஊர் அன்றைக்குச் சிரிக்கவில்லை. வேகமாகப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எல்லோரும் யோசித்தார்கள்.

பஞ்சாயத்துத் தலைவர் தொப்பையா துப்பாக்கியை வாங்கித் தன் வீட்டு மரப்பெட்டியில் வைத்துப் பூட்டினார். நூல் ஓடுகிற வழியில், வெடி வைத்த அன்றைக்கு யாராவது நின்றிருந்தால், அந்த ஆள் சொல்வதுதான் பிலவேந்திரனுக்கும் துப்பாக்கிக்கும் தீர்ப்பு. ஒருவரும் நின்றிருக்கவில்லை என்றால் துப்பாக்கியைத் திருப்பிக் கொடுத்து ஊரே சேர்ந்து விருந்து வைக்கும் என்றார். அதுவரை? அதுவரைக்கும் வேட்டைச் சட்டம்தான். அடிபட்ட மிருகம் ஓடினால் வெடி வைத்தவர்தான் பின்னால் போக வேண்டும், பாதியில் விட்டுவிட்டு வீட்டுக்கு வரக்கூடாது. இங்கே மிருகம் ஓடவில்லை, ரவைதான் ஓடுகிறது, ஆகவே ரவைக்குப் பின்னால் போகட்டும் என்று சொல்லிவிட்டார்கள். பிலவேந்திரன் ஒரு முக்காலியும் சிவப்புத் துணியும் எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

வருஷம் ஒன்றும் கொஞ்சமும் கழித்து ரவை டீக்கடைச் சுவரில் வந்து நின்றது. ராவுத்தர் அதற்காக முன்கூட்டியே ஒரு செங்கல்லை எடுத்துவிட்டு வழி வைத்திருந்தார், விருந்தாளி வந்து சுவரை இடித்துக்கொண்டு வருவது நன்றாகவா இருக்கும் என்று. கடைக்குள் அது பதினாறு நாள் இருந்தது. மேசையை நகர்த்தி, பெஞ்சைத் திருப்பி, அதற்கு இடம் விட்டார்கள். ரவை குழாயை விட்டு வந்த சூடு குறையாமல் இருந்ததால் பால் கிண்ணத்தை அதற்கு அடியில் நிறுத்திவைக்க ராவுத்தர் கற்றுக்கொண்டார், மூட்டுவலிக்காரர்கள் விரலுக்குச் சூடு காட்ட வந்தார்கள், அப்படியே டீயும் குடித்தார்கள். பிலவேந்திரன் முக்காலியில் உட்கார்ந்து, குனிந்து போங்க, குனிந்து போங்க என்று சொல்லிக்கொண்டிருந்தார். எட்டாம் நாள் ரவை அடுப்புக்கு நேராக, ராவுத்தர் எப்போதும் நிற்கிற இடத்துக்கு வந்தது. ராவுத்தர் அன்றைய நாளை நினைவில் கொண்டுவந்தார். மசாலா வீணாய்ப்போன நாள்தானே, அவருக்கு நன்றாக நினைவிருந்தது.

"சத்தம் கேட்டுச்சு, மாவுச் சட்டியை எடுக்கக் குனிஞ்சேன். அந்தக் குனிவுதான் வெடிக்காரரே என்னையக் காப்பாத்துச்சு."

கடையில் இருந்தவர்கள் அப்பாடா என்றார்கள். ஒருவர் ராவுத்தர் முதுகில் தட்டினார். பிலவேந்திரனுக்குக் கையிலிருந்த டீ டம்ளர் பாதி வழியில் நின்றது. ரவை முந்தி, சத்தம் பிந்தி. இதை இந்த ஊருக்கு வருஷக்கணக்காகச் சொன்னவர் அவரே. சத்தம் கேட்டுக் குனிந்தவர், சத்தத்துக்கு முந்தி நிமிர்ந்து நின்றிருக்கிறார். அவர் ராவுத்தரின் நெஞ்சைப் பார்த்தார், சட்டையில் இரண்டாவது பொத்தான் இல்லை. அப்புறம் டீயைக் குடித்தார். நன்றாக இருந்தது, அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

பள்ளிக்கூடத்தில் ரவை இருபத்திரண்டு நாள். அற்புதமேரி டீச்சர் அதை வீணாக்கவில்லை, முழம், அரை முழம், கால் முழம் எல்லாவற்றையும் அதைக் காட்டியே கணக்குச் சொல்லிக் கொடுத்தார், அந்த வருஷத்து மூன்றாம் வகுப்பு பின்னத்தில் ஒருவர்கூடத் தவறவில்லை. மேற்பார்வைக்கு வந்தவர் பதிவேட்டில், வகுப்பில் ஒரு ரவை உள்ளது, ஒழுங்காக உள்ளது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். டீச்சர் அன்றைக்குச் சீக்கிரமே வந்து கரும்பலகை துடைத்துக்கொண்டிருந்தவர், சத்தம் கேட்டதும், வீட்டில் மசாலா அரைக்கச் சொல்லவில்லையே என்று ஞாபகம் வந்து செருப்பு மாட்டக் குனிந்ததாகச் சொன்னார். தையல்காரர் குருவையா, சத்தத்தில் கைநழுவிய ஊசியைத் தேடக் குனிந்தாராம். மற்ற வீடுகளில் எல்லோரும் அம்மிக்குத்தான். ஒவ்வொரு வீட்டிலும் குனிந்த கதையைச் சொல்லிச் சந்தோஷப்பட்டு, அந்தச் சந்தோஷத்தில் பிலவேந்திரனுக்குச் சோறு போட்டார்கள். அவர் ஒவ்வொரு வீட்டிலும் வாயைத் திறப்பார், பிறகு அந்த வாயில் சோற்றைப் போட்டுக்கொள்வார். துப்பாக்கி மேல் அவருக்கு அவ்வளவு ஆசை. தொப்பையா வீட்டுப் பக்கம் போனால் பெட்டி இருக்கும் ஜன்னலை ஒரு தடவை பார்க்காமல் வரமாட்டார்.

ஆனால் ஒன்று, சுட்ட காலத்தில் அவருக்கு ஊரில் பத்துப் பேரைத்தான் சரியாகத் தெரியும். இப்போது எந்த வீட்டில் எந்தப் படி ஆடும், எந்தக் குழந்தைக்கு எந்தக் காதில் சீழ், குருவையா தைக்கும்போது தனக்குத்தானே என்ன பேசுகிறார் என்பதெல்லாம் தெரியும். தெரியத் தெரிய அவருக்குத் தூக்கம் குறைந்தது.

ரவை ஊரை விட்டிறங்கிக் காப்பித் தோட்டத்துக்குள் நுழைந்த பிறகு ஒரு வருஷம் துணைக்கு யாரும் இல்லை. வெள்ளையன் மட்டும் போகிற வழியில் வந்து பக்கத்தில் குந்தி உட்காருவான். ஒரு நாள் பிலவேந்திரன் அவனிடம், நீ ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று கேட்டார். எதை என்று அவன் கேட்கவில்லை. உங்கள் வாயால் வரும் என்று பார்க்கிறேன் அண்ணே என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனான்.

ஐந்தாம் வருஷம் ஐப்பசியில் ரவை வெள்ளையன் வீட்டுச் சுவரைத் துளைத்துக்கொண்டு உள்ளே வந்தது. கடைசி வீடு. விருந்துக்கு நாள் குறித்தாகிவிட்டது, பாத்திரங்கள் வந்துவிட்டன, தொப்பையா துப்பாக்கியை எண்ணெய் போட்டுத் துடைத்து, சிட்டம்மா கொடுத்த பூவைச் சுற்றி, தோளில் வைத்துக்கொண்டு வந்தார். ஊரே அந்தச் சின்ன வீட்டுக்குள்ளும் வாசலிலுமாக அடைந்து நின்றது. வீட்டின் நடுவில் கூரையைத் தாங்கும் ஒரு மரக்கம்பம்; ரவை அதற்கு ஒரு முழம் முன்னால், பேச்சியின் நெஞ்சுயரத்தில் சுழன்றுகொண்டிருந்தது. பேச்சி அதன் பக்கத்தில் நின்றாள், அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு வெடி வைத்த அன்றைக்குப் பிறந்த கனியம்மாள் நின்றாள்.

சத்தம் கேட்டதும் குனிந்தேன் என்று சொல்லிவிடு தாயி, சாப்பாடு ஆறுகிறது என்றார் தொப்பையா. எல்லோரும் சிரித்தார்கள்.

பேச்சி சிரிக்கவில்லை. அவள் பிலவேந்திரனைப் பார்த்தாள்.

"நான் அப்பிடிச் சொல்லிட்டா எல்லாருக்கும் சந்தோசம்னு எனக்குத் தெரியும். அதுக்கு முந்தி அண்ணன்கிட்ட ஒண்ணு கேட்டுக்கறேன். ரவை முந்தியாண்ணே, சத்தம் முந்தியா?"

பிலவேந்திரன் முக்காலியிலிருந்து எழுந்தார். துப்பாக்கி தொப்பையாவின் தோளில் பூவோடு இருந்தது, கைநீட்டினால் எட்டும். சத்தம் முந்தி என்று சொன்னால் போதும். அவர் மண்டியில் சொன்னதையெல்லாம் யார் நம்பினார்கள், இதையும் இல்லை என்று சொல்லிவிட்டால் அளந்தேன் என்று விட்டுவிடுவார்கள். வெள்ளையன் வாசல் நிலையில் சாய்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ரவைதான் முந்தி," என்றார். "நான் வெடி வெச்சப்ப பின்னால மண்ணு தெரியல. தெரியலன்னு இவன் சொன்னான். எனக்குக் கேட்டுச்சு."

அடுப்பில் தண்ணீர் கொதிப்பது கேட்டது. ராவுத்தரின் கை மெல்ல எழுந்து, சட்டையில் இரண்டாவது பொத்தான் இருக்கவேண்டிய இடத்தைத் தொட்டது. அற்புதமேரி டீச்சர் கணக்குப் போடுகிறவர் மாதிரி உதட்டை அசைத்தார், போட்டு முடித்து, பக்கத்திலிருந்த பெண்ணின் தோளைப் பிடித்துக்கொண்டார். குருவையா உட்கார்ந்துவிட்டார். ஐந்து வருஷமாகக் குனிந்திருந்த ஊர் அன்றைக்குத்தான், அந்த இடத்தில்தான், ஒவ்வொருவராக நிமிர்ந்தது.

"நானும் குனியலை," என்றாள் பேச்சி. "இடுப்பு வலி. இவரு உங்ககூட வந்துட்டாரு. இந்தக் கம்பத்தைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். சத்தம் கேக்கறதுக்கு முந்தியும் நின்னேன், அப்புறமும் நின்னேன்."

பிலவேந்திரன் கையெடுத்துக் கும்பிட்டார். அழுகை வந்தது, மறைக்கவில்லை. வழியில் நின்றவர்கள் இத்தனை பேர் ஆகிவிட்டார்களே, யார் தீர்ப்புச் சொல்வது என்று தொப்பையா திரும்பிப் பார்த்தபோது, ராவுத்தர் பேச்சியைக் காட்டித் தலையசைத்தார், மற்றவர்களும் அப்படியே செய்தார்கள்.

"துப்பாக்கியைக் கொடுத்துருங்க, அது என்ன பண்ணும்," என்றாள் பேச்சி. "வெடி பட்டதை விட்டுட்டு வெடி வெச்சவரு வீட்டுக்குப் போகக்கூடாதுன்னு உங்க சட்டம்தானேண்ணே? நான் பட்டவ. அன்னிக்கு வயித்துல இருந்த இவளும் பட்டவ. இவ திங்கக்கிழமையிலேருந்து பள்ளிக்கூடம் போறா. காலையில தோட்டத்துக்குள்ள எருமை நிக்கும். நீங்க இவ பின்னால போங்க."

எத்தனை நாளைக்கு என்று தொப்பையா கேட்டார்.

"அவ நடக்கற வரைக்கும்."

விருந்து நடந்தது. ஆறித்தான் போயிருந்தது, ஆனாலும் நடந்தது, பரிமாறியதும் இலை எடுத்ததும் பிலவேந்திரன்தான். மறுநாள் ரவை கம்பத்துக்குள் போனது, அடுத்த நாள் வெளியே வந்தது, அடுப்பங்கரையைத் தாண்டி, பின்சுவரைத் தாண்டி, வீட்டுக்குப் பின்னால் நிமிர்ந்து நிற்கும் செம்மண் கரைக்குள் நுழைந்தது. மறுபக்கம் வரும் என்று ஊர் காத்திருந்து பார்த்தது, சிட்டம்மா தினமும் வந்து அளக்கத் தயாராக நின்றாள். வரவில்லை. மண் அதை வாங்கிக்கொண்டது.

முந்நூத்தி எழுபத்தஞ்சை ஞாயிற்றுக்கிழமைதோறும் எடுத்து எண்ணெய் போடுவதைப் பிலவேந்திரன் விடவில்லை, பலா மரமும் பட்டறைக் கல்லும் துளைத்த கதையை மண்டியில் சொல்வதையும் விடவில்லை, எருமைக்குத்தான் தப்பிக்கத் தெரிந்தது என்று மற்றவர்கள் கிண்டலடிப்பதையும் விடவில்லை. ஆனால் எருமை மேய வருவது காலையில், கனியம்மாள் பள்ளிக்கூடம் போவதும் காலையில். வேட்டைக்குப் போக அவருக்கு நேரமே வாய்க்கவில்லை. சத்தம் கேட்காததால் ஊர் வேறு சாக்குகளுக்கு மசாலா அரைக்கப் பழகிக்கொண்டது.

கார்த்திகையில் ஒரு காலை, அவள் முன்னாலும் அவர் நாலடி பின்னாலுமாகக் காப்பிச் செடிகளுக்கு நடுவே போய்க்கொண்டிருந்தபோது, பாதையில் கறுப்பாக ஒன்று பக்கவாட்டில் நின்றது. நாலு கால்களிலும் வெள்ளைக் காலுறை. கொம்பு நுனி தேய்ந்து, காது கிழிந்து, இன்னும் கிழடாகி, அதே எருமை. அதற்குப் பின்னால் மூடுபனி வெள்ளையடித்த சுவர்போல நின்றது. கனியம்மாள் குனிந்து ஒரு கல்லை எடுத்தாள், எறிந்தால் போய்விடும் பெரியப்பா என்றாள். பிலவேந்திரன் அவள் முழங்கையை மெல்லத் தொட்டார்.

"பொறும்மா. மண்ணு தெரியட்டும்."

நின்றார்கள். எருமை இவர்களைப் பார்த்தது, வாயிலிருந்ததை மென்றது. கொஞ்சம் கொஞ்சமாகப் பனி விலகியது, விலகிய இடத்தில் மண் தெரியவில்லை, ஊர் தெரிந்தது. தையல்கடை வாசலில் குருவையா பல் விளக்கிக்கொண்டு நின்றார். பள்ளிக்கூட ஜன்னலில் டீச்சர் கரும்பலகை துடைத்துக்கொண்டு நின்றார். மேலே டீக்கடையில், புகைக்கு நடுவில், ராவுத்தர் கையை உயர்த்தி டீ ஆற்றிக்கொண்டு நின்றார். அதற்கும் மேலே கணவாய், வெறுமையாக. எல்லோரும் அவரவர் இடத்தில் நிமிர்ந்து நின்றார்கள், ஒருவரும் குனிந்திருக்கவில்லை. பிலவேந்திரன் ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டே வந்தார், கடைசியில் தனக்கு முன்னால் கல்லோடு நின்ற சின்னத் தலையைப் பார்த்தார்.

எருமை மென்று முடித்துவிட்டுப் பாதையை விட்டு இறங்கியது. கனியம்மாள் கல்லைக் கீழே போட்டுவிட்டு, நேரமாயிற்று, டீச்சர் வெளியே நிறுத்துவார் என்று சொல்லி நடக்க ஆரம்பித்தாள். அவர் அவள் பின்னால் போனார்.